இருபத்து நான்காம் எழுத்துக்குப் பிறகு

1994 ஏப்ரல் 30: அட்டைகள் 231, பட்டியல் 231.
1994 மே 28: அட்டைகள் 238, பட்டியல் 238.
1994 ஜூன் 25: அட்டைகள் 236, பட்டியல் 236.
1994 ஜூலை 30, காலை: அட்டைகள் 245, பட்டியல் 244.
1994 ஜூலை 30, மாலை: அட்டைகள் 244, பட்டியல் 244.

ஒரு கண் மருத்துவமனையில், கருவிழி மாற்றும் சிகிச்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களின் தொகை இது. இறந்தவர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போகும் கண்ணுக்காகக் காத்திருப்பவர்கள். முறை வந்ததும் வீட்டுக்குக் கடிதம் போகும். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, பதிவறை பீரோவில் இருக்கும் அட்டைகளைக் கையால் எண்ணுவார்கள். கம்ப்யூட்டரில் இருக்கும் பட்டியலைக் கம்ப்யூட்டரே எண்ணிச் சொல்லும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஜூலை 30 காலையில் ஒத்துப்போகவில்லை. மாலையில் ஒத்துப்போயிற்று. அந்த ஆறேழு மணி நேரத்தில் ஒத்துப்போக வைத்தவரைப் பற்றித்தான் இங்கே எழுதியிருக்கிறது.

அவரை மருத்துவமனை முழுவதும் லிஸ்ட் அக்கா என்றுதான் கூப்பிட்டது. அவரைவிட மூத்த நர்சுகளும் அப்படியே கூப்பிட்டார்கள். இருபத்து மூன்று வயதில் தட்டச்சுக்காரியாக அங்கே சேர்ந்தவர். கணவர் கடைசல் பட்டறையில் இரும்பு கடைபவர்; ஒரு மகள். 1992இல் மருத்துவமனைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. யாருக்கும் அதைத் தொடத் துணிவில்லை. ஐந்து மாதம் மேலே போர்த்திய துணியோடு, பிணம்போல ஒரு மூலையில் கிடந்தது. பெரிய டாக்டர் ஒரு நாள் பதிவறைக்கு வந்து, "இதை யாராவது உயிரோட எழுப்புங்கப்பா" என்றார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். லிஸ்ட் அக்கா மட்டும் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டிக்கொண்டார்.

ஆறு மாதம் மாலை வகுப்பு. அங்கே சொல்லிக்கொடுத்த மொழி C. அதற்கான தடித்த புத்தகத்துக்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டு, பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்தார். அந்த மொழியில் ஒருவரின் பெயர் என்பது எழுத்துகளின் சரம். பட்டியல் என்பது அந்தச் சரங்கள் நினைவகத்தில் எங்கெங்கே கிடக்கின்றன என்று காட்டும் முகவரிகளின் வரிசை. கையில் இருப்பது முகவரி மட்டும். பெயர் வேறெங்கோ இருக்கும். இது மண்டையில் ஏற அவருக்கு மூன்று வாரம் பிடித்தது.

எழுதிய நிரலை முதல் முறை ஓட்டியபோது இருநூறு பெயர்களைக் கொடுத்தார். அச்சில் வந்தது ஒரே பெயர், இருநூறு தடவை. அட்டை பீரோவுக்குப் பொறுப்பாக இருந்தவரைப் பீரோ அண்ணன் என்பார்கள். சோடாப்புட்டிக் கண்ணாடி, பெரிய குரல். அவர் தாளை மூக்கோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஆஸ்பத்திரிக்கே ஒரே பேஷண்ட்தானா? அப்போ நாளையிலேர்ந்து எனக்கு லீவு குடுத்துடும்மா."

"சும்மா இருங்கண்ணே. நானே நொந்து போயிருக்கேன்."

ஒவ்வொரு வரியையும் ஒரே இடத்தில் படித்து, அந்த ஒரே இடத்தின் முகவரியை இருநூறு முறை எழுதி வைத்திருந்தார். கடைசியாக வந்தவரின் பெயர் எல்லோர் மேலும் ஏறி உட்கார்ந்துவிட்டது. படித்தவுடன் strdup என்ற கட்டளையால் ஒவ்வொரு பெயருக்கும் தனியாக நகல் எடுத்து, அந்த நகலின் முகவரியை வைக்க வேண்டும். அதைக் கண்டுபிடித்த அன்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம், "ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எடம் குடுக்கணும், அவ்வளவுதான் விஷயம்" என்றார். "எங்க பட்டறையிலயும் அதான் சொல்றோம், எவன் கேக்கறான்" என்றார் அவர்.

அதன்பின் பட்டியல் ஒழுங்காக ஓடியது. qsort பெயர்களை அகர வரிசையிலோ பதிவுத் தேதிப்படியோ, கேட்டபடி அடுக்கித் தரும். strcmp இரண்டு பெயர்களை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, ஒன்றாக இருந்தால் பூஜ்யம் என்று பதில் சொல்லும். லிஸ்ட் அக்காவுக்கு அந்தப் பூஜ்யத்தின்மேல் ஒரு மரியாதையே உண்டாகிவிட்டது. மனிதர்கள் "கிட்டத்தட்ட ஒண்ணுதான்" என்று சொல்வார்கள், அது சொல்லாது.

ஆனால் தொல்லை அங்கேதான் தொடங்கியது. அட்டையைத் தொலைத்தவர்கள் மறுபடி வந்து புதிதாகப் பதிவார்கள். ஒரே ஆள் இரண்டு இடத்தில் நிற்பார். பதிவுப் படிவத்தில் வீட்டுப் பெயர், அப்பா பெயர், அதன்பின் தன் பெயர் என்று வரிசை. வீட்டுப் பெயரும் அப்பா பெயரும் மாறாது. தன் பெயரைத்தான் ஒரு முறை முழுதாகவும், மறுமுறை சுருக்கியும், வால் சேர்த்தும் சேர்க்காமலும் எழுதித் தருவார்கள். strcmp அவர்களை வேறு வேறு ஆட்கள் என்று சொல்லிவிடும். அதற்கு இன்னொரு கட்டளை இருந்தது, strncmp. இத்தனை எழுத்து வரை மட்டும் பார் என்று அதற்குச் சொல்லலாம்.

எத்தனை எழுத்து? லிஸ்ட் அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒரு எண்ணைப் போட்டவர் அல்ல. பீரோவில் அப்போது இருந்த 219 அட்டைகளையும் எடுத்து எண்ணினார். வீட்டுப் பெயரும் அப்பா பெயரும் நடு வெற்றிடமும் சேர்ந்து, மிக நீளமானது பத்தொன்பது எழுத்து. அதன்பின் ஒரு வெற்றிடம். அதன்பின் நோயாளியின் சொந்தப் பெயரில் நான்கு எழுத்தாவது ஒத்துப்போக வேண்டும். மொத்தம் இருபத்து நான்கு. அதுவும் போதாது என்று வீட்டு முகவரியையும் முழுதாக ஒப்பிட வைத்தார். இரண்டும் ஒன்றாக இருந்தால் முதலில் பதிந்த தேதியை வைத்துக்கொண்டு, இரண்டாவதை நீக்கிவிடும். free என்ற கட்டளை அந்தச் சரம் இருந்த இடத்தை விடுவித்துவிடும். சுத்தம் செய்த பட்டியல் பழைய பட்டியலின் மேலேயே எழுதப்படும். நீக்கியவற்றின் அட்டை எண்கள் மட்டும் ஒரு தாளில் வரும். அந்த அட்டைகளைப் பீரோ அண்ணன் எடுத்து அடி இழுப்பறையில் போட்டுவிடுவார்.

முதல் ஆறு மாதத்தில் பதினேழு அட்டைகள் அப்படி வெளியேறின. பதினேழையும் லிஸ்ட் அக்கா படித்துச் சரிபார்த்தார். பதினேழும் சரி. அதன்பின் படிப்பதை நிறுத்தினார்.

அந்த மருத்துவமனைக்கு மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி, ஒரு தெருமுனையில் துணி தேய்க்கும் கடை வைத்திருந்தார்கள் அக்காளும் தங்கையும் இருவர். மூத்தவள் தேய்ப்பாள். இளையவள் உள்ளே உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பாள். இரண்டு பேருக்கும் ஒரே நோய், அப்பா வழியில் வந்தது: கருவிழி மெல்லப் பால்போல மூடிக்கொண்டு வரும். மூத்தவள் 1994 ஜூன் 6இல் பெயர் பதிந்தாள். கடையை ஒரே நாளில் இரண்டு பேரும் விட்டுவிட்டு வர முடியாததால், இளையவள் ஜூலை 4இல் வந்தாள். அட்டை எண் 1187.

அவர்களுடைய வீட்டுப் பெயர் பன்னிரண்டு எழுத்து. ஒரு வெற்றிடம். அப்பா பெயர் பதினொன்று. கூட்டினால் இருபத்து நான்கு. வீடு ஒன்று, முகவரி ஒன்று. அந்தப் பரம்பரை நோய் ஒரே வீட்டில் இரண்டு பேரைப் பிடிக்கும் என்பது மருத்துவமனையில் எல்லோருக்கும் தெரியும், லிஸ்ட் அக்காவுக்கும் தெரியும். அதை அவர் அந்த எண்ணோடு சேர்த்து நினைக்கவில்லை.

ஜூலை 30 சனிக்கிழமை. நீக்கிய எண்கள் ஆறு வந்திருந்தன. பீரோ அண்ணன் ஐந்து அட்டைகளை எடுத்துப் போட்டுவிட்டு, ஆறாவதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். காலைக் கணக்கில் ஒன்று இடித்தது அதனால்தான்.

"இங்க பாரும்மா. இந்தப் பேரு கடைசியில வேற மாதிரி இருக்கே."

லிஸ்ட் அக்கா அப்போது மாத அறிக்கையை அச்செடுத்துக்கொண்டிருந்தார். தாள் இரண்டு முறை சிக்கியிருந்தது. மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வர நேரமாகிக்கொண்டிருந்தது.

"அண்ணே, மெஷின் பார்த்துட்டுத்தான் சொல்லுது."

"இல்லம்மா, எனக்கென்னவோ..."

"முதல்ல உங்க கண்ணை மாடியில காட்டிட்டு வாங்கண்ணே. கண்ணாஸ்பத்திரியில வேலை பார்த்துட்டு இப்படி ஒரு கண்ணாடி!"

பதிவறையே சிரித்தது. பீரோ அண்ணனும் சிரித்தார். அட்டை 1187 அடி இழுப்பறைக்குள் போயிற்று. மாலைக் கணக்கு ஒத்துப்போயிற்று. அந்த ஆண்டின் இறுதியில், இத்தனை ஒழுங்காக இருக்கும்போது கையால் எண்ணுவது வெட்டி வேலை என்று அதையும் நிறுத்தினார்கள். நான்கு ஆண்டு கழித்துப் பீரோ அண்ணன் ஓய்வு பெற்ற அன்று, லிஸ்ட் அக்கா பேசியபோது அந்தக் கண்ணாடி நகைச்சுவையைத்தான் மறுபடி சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். மறு ஆண்டு அண்ணன் இறந்துபோனார்.

மூத்தவளுக்குக் கடிதம் வந்தது 1997 செப்டம்பர் 17. வலது கண்ணில் புதிய கருவிழி வைத்தார்கள், பார்வை வந்தது. இருவரின் பதிவுக்கும் நடுவே இருந்தவர்கள் பத்துப் பேர். ஆகவே இளையவளுக்கு அதே ஆண்டு அக்டோபர் நடுவில் கடிதம் வந்திருக்க வேண்டும்.

வரவில்லை. மூத்தவள் சோதனைக்குப் போகும்போதெல்லாம் கவுண்டரில் கேட்டாள். "வரிசை நீளம்மா. லெட்டர் வரும், வீட்டுல இருங்க" என்றார்கள். யாரும் பட்டியலைத் திறந்து பார்க்கவில்லை. கேட்டவர்கள் எல்லோருக்கும் அதே பதில்தான், மற்ற எல்லோருக்கும் அது உண்மையாகவும் இருந்தது. 2001இல் இளையவளின் வலது கண்ணில் புண் வந்து பழுத்தது. பக்கத்து மருத்துவமனையில் அந்தக் கண்ணையே எடுத்துவிட்டார்கள். இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும். மூத்தவள் காலையில் கடை திறக்கும்முன் இருபது ஊசிகளில் நூல் கோத்து, ஒரு சிறிய மெத்தையில் வரிசையாகக் குத்தி வைத்துவிடுவாள். அந்த இருபது தீர்ந்தால் இளையவள் கூப்பிடுவாள். மற்றபடி எல்லாம் விரலால்தான்.

2005 பிப்ரவரி 9, புதன்கிழமை. கவுண்டர்க்காரர் விடுப்பு. லிஸ்ட் அக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூத்தவள் சீட்டை நீட்டிவிட்டு, சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

"என்னங்க, எனக்கு அடுத்து என் தங்கச்சின்னு சொன்னீங்க. உங்க வரிசை நத்தைக்குப் பொறந்ததா? அவளுக்குத் தலை நரைச்சுப் போச்சு."

"பேரைச் சொல்லுங்கம்மா, இப்பவே பார்த்துடறேன்."

பார்த்தார். இல்லை. எழுத்தை மாற்றிப் போட்டுப் பார்த்தார். இல்லை.

"அப்படி ஒரு பேரே இல்லையேம்மா. பதிஞ்சீங்களா?"

மூத்தவள் சிரிப்பதை நிறுத்தினாள். கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு ரசீதை எடுத்தாள். மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டி வைத்திருந்தது. எண் 1187. நாள் 4.7.94.

லிஸ்ட் அக்கா அவளை உட்காரச் சொல்லிவிட்டுப் பதிவறைக்குப் போனார். பீரோவின் அடி இழுப்பறை இறுகிப்போயிருந்தது. காலை முட்டுக்கொடுத்து இழுத்தார். 1187 இருந்தது. மூத்தவளின் அட்டையையும் எடுத்து இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்துப் படித்தார். ஆள்காட்டி விரலை எழுத்தின்மேல் வைத்து எண்ணினார். இருபத்து நான்கு வரை இரண்டும் ஒன்று. இருபத்தைந்தாவது வெற்றிடம். இருபத்தாறாவது எழுத்தில் பிரிந்தன.

அன்றும் மறுநாளும் அவர் அடி இழுப்பறையில் இருந்த அட்டைகள் அத்தனையையும் படித்தார். 163 அட்டைகள். 162 சரியாகவே நீக்கப்பட்டவை. பெரிய டாக்டர் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நூத்தி அறுபத்தி மூணுல ஒண்ணு. மனுஷன் செஞ்சிருந்தா இருபது தப்பு வந்திருக்கும்மா."

"அந்த ஒருத்திக்கு அது ஒண்ணு இல்லீங்க சார்."

"சரி. கூட்டிட்டு வாங்க, கண்ணைப் பார்க்கலாம். ஆனா காரணம் எல்லாம் சொல்லிட்டு இருக்காதீங்க. முறை வந்துடுச்சுன்னு சொல்லுங்க, போதும். அவங்களுக்கும் அதான் நல்லது."

அன்று வீட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார்.  அதற்குக் கணவர், "ஒரு நூல் அளவு கூடுதலாக் கடைஞ்சிட்டா இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆனா துண்டு கொண்டுவந்தவன்கிட்ட சொல்லித்தான் ஆகணும்" என்றார்.

பிப்ரவரி 12 சனிக்கிழமை லிஸ்ட் அக்கா அந்தக் கடைக்குப் போனார். முன்னறை முழுவதும் சூடான துணியின் மணம். உள்ளறையில், ஜன்னலுக்குக் கீழே, இளையவள் மடியில் ஒரு சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். பொத்தான்கள் அளவுவாரியாக நூலில் கோக்கப்பட்டுச் சுவரில் ஆணிகளில் தொங்கின. மூத்தவள் நாற்காலி போட்டாள். "லெட்டரை நீங்களே கொண்டுவந்துட்டீங்களா?" என்றாள். இளையவளின் முகம் குரல் வந்த பக்கம் திரும்பியது. கையில் ஊசி அப்படியே நின்றது.

பட்டியலிலிருந்து பெயர் 1994இலேயே நீங்கிவிட்டது என்று லிஸ்ட் அக்கா சொன்னார். தன்னுடைய தப்பு என்றும் சொன்னார்.

இளையவள் கேட்டாள். "அப்போ வரிசையே இல்லையா?"

"வரிசை இருந்துச்சும்மா. அதுல நீங்க இல்ல."

"எனக்கு முன்னாடி ஆயிரம் பேராவது இருப்பாங்கன்னு நெனச்சிட்டு இருந்தேன். சின்னப் புள்ளைங்க இருக்கும், ரெண்டு கண்ணும் போனவங்க இருப்பாங்க, அவங்க முதல்ல பார்க்கட்டும்னு நெனப்பேன். தபால்காரர் மணி அடிச்சுட்டு நிக்காமப் போனா, சரி, இன்னிக்கு இன்னொருத்தருக்குக் கிடைச்சிருச்சுன்னு சொல்லிக்குவேன். தினம் ஒருத்தரை அனுப்பி வச்சேங்க. அது நல்லா இருந்துச்சு." ஊசியைத் துணியில் குத்தினாள். "அதையும் எடுத்துட்டீங்களே."

மூத்தவள் எழுந்துவிட்டாள். "கெளம்புங்க. பாவத்தை எங்ககிட்ட எறக்கி வச்சிட்டுப் போகத்தான் வந்தீங்களா? கெளம்புங்க முதல்ல."

"இரு, அக்கா" என்றாள் இளையவள். "எப்படின்னு எனக்குத் தெரியணும். பதினோரு வருஷம். எப்படின்னாவது தெரியணும்."

 லிஸ்ட் அக்கா சுவரில் தொங்கிய பொத்தான்களைப் பார்த்தார். அவர்களிடம் அனுமதி கேட்டு, இரண்டு நூல்களை எடுத்து, தரையில் உட்கார்ந்து பொத்தான் கோத்தார். இரண்டிலும் ஒரே மாதிரி இருபத்து நான்கு சிறிய பொத்தான்கள். பிறகு இரண்டிலும் ஒரு முடிச்சு. அதற்குப் பிறகு ஒன்றில் சட்டைப் பொத்தான், மற்றதில் கோட்டுப் பொத்தான். இளையவளின் இரண்டு கைகளிலும் ஒவ்வொன்றாகக் கொடுத்தார்.

"இது உங்க அக்கா பேரு. இது உங்க பேரு. ரெண்டையும் ஒண்ணா தடவிட்டு வாங்க."

இளையவளின் விரல்கள் வேகமாக நகர்ந்தன. உதடு எண்ணியது. "இருபத்தி நாலு. ஒண்ணாத்தான் இருக்கு."

"அங்க நிறுத்தச் சொல்லிட்டேன்."

விரல்கள் நிற்கவில்லை. முடிச்சைத் தாண்டின. கோட்டுப் பொத்தானில் வந்து நின்றன. அதைத் திருப்பித் திருப்பித் தொட்டாள்.

"இன்னும் ரெண்டே ரெண்டு தள்ளித் தொட்டிருந்தா..."

"ஆமாம்மா."

"நான் தொட்டிருப்பேன்" என்றாள் இளையவள். அதில் கோபம் இல்லை. கைவேலைக்காரி இன்னொரு கைவேலைக்காரியின் தையலைப் பார்த்துவிட்டுச் சொல்வது போலத்தான் இருந்தது. லிஸ்ட் அக்கா அங்கே அழுதது அதைக் கேட்டபோதுதான். மூத்தவள் முன்னறைக்குப் போய் இஸ்திரிப் பெட்டியை எடுத்து, ஏற்கெனவே தேய்த்த சட்டையையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய டாக்டர் இடது கண்ணைப் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருந்தது. ரத்தக் குழாய்கள் கருவிழியின்மேல் படர்ந்திருந்தன. ஒரே ஒரு முறை முயன்று பார்க்கலாம், ஆனால் அழுத்தம் இறங்கிய பிறகுதான், இப்போது வைத்தால் ஒட்டாது என்றார். 1997இல் வந்திருந்தால் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

லிஸ்ட் அக்கா இளையவளின் பெயரைத் தன் கையால் பட்டியலில் ஏற்றினார். பதிவுத் தேதி 1994 ஜூலை 4 என்றே போட்டார். தேதிப்படி அது முதல் வரியில் போய் நின்றது. தானாக நீக்கும் பகுதியை நிரலிலிருந்து எடுத்தார். அதற்குப் பிறகு அது ஒத்துப்போகும் இரட்டைகளை அச்சிட்டுக் காட்டும். இரண்டு அட்டையையும் ஒருவர் கடைசி எழுத்து வரை வாய்விட்டுப் படித்து, இன்னொருவர் கேட்டு, இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் ஒன்றை எடுக்கலாம். கடைசிச் சனிக்கிழமைக் கணக்கும் மறுபடி தொடங்கியது. புதிதாக வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். "லிஸ்ட் அக்காவுக்கு வயசாயிடுச்சு, அதான் எண்ணிக்கிட்டே இருக்காங்க" என்றார்கள். அவர் மறுக்கவில்லை.

மூன்று ஆண்டுகள் மாதம் ஒருமுறை மூத்தவள் இளையவளைக் கைபிடித்துக் கூட்டி வந்தாள். முதல் ஆண்டு முழுவதும் மூத்தவள் லிஸ்ட் அக்காவிடம் பேசவில்லை. இளையவள் ஒவ்வொரு முறையும் பதிவறை வாசலில் நின்று கேட்பாள்.

"என் பேரு இருக்கா?"

"இருக்கும்மா."

"படிங்க."

லிஸ்ட் அக்கா வீட்டுப் பெயரிலிருந்து தொடங்கிக் கடைசி எழுத்து வரை படிப்பார். "சரி" என்று சொல்லிவிட்டு இளையவள் மாடிக்குப் போவாள். அழுத்தம் இறங்கவில்லை என்பார்கள். வரும் கண் அடுத்தவருக்குப் போகும். முதல் வரி முதல் வரியாகவே நிற்கும். இரண்டாம் ஆண்டில் ஒரு நாள், "இன்னிக்கு வந்த கண்ணு யாருக்குப் போச்சு?" என்று கேட்டாள். ஒன்பது வயதுப் பெண் குழந்தைக்கு என்றார் லிஸ்ட் அக்கா. "நல்லது. இப்பத்தான் நெஜமாவே அனுப்பி வைக்கிறேன்" என்று சிரித்தாள். மூத்தவளும் அன்று லேசாகச் சிரித்தாள். போகும்போது லிஸ்ட் அக்காவின் கணவர் சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை என்று கேள்விப்பட்டு, "குடுத்தனுப்புங்க, இவ தச்சுக் குடுப்பா" என்று முதல் முறையாகப் பேசினாள்.

2008 ஜனவரி 16 அன்று பெரிய டாக்டர் அழுத்தம் இறங்கியிருக்கிறது என்றார். ஒரு மாதம் இப்படியே நின்றால், அடுத்து வரும் கண் உனக்குத்தான் என்றார். இளையவள் மாடிப்படியில் யாரும் பிடிக்காமல் இறங்கி வந்தாள். பதிவறை வாசலில் நின்று, "அந்த லெட்டரை மட்டும் தபால்லயே அனுப்புங்க. கையில கொண்டுவந்து குடுத்துடாதீங்க. மணி அடிச்சு நிக்கணும்" என்றாள்.

லிஸ்ட் அக்கா கடிதத்தைத் தட்டச்சு செய்து, தேதிக்கு மட்டும் இடம் விட்டு, மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

பிப்ரவரியில் அவர்கள் வரவில்லை. 23ஆம் தேதிக் கணக்கில் அட்டைகள் 318, பட்டியல் 318. முதல் வரி அதே பெயர். மார்ச்சில், அலுவலகத் தபாலோடு ஒரு உறை வந்தது. மூத்தவளின் கையெழுத்து, கொட்டை கொட்டையாக.

"லிஸ்ட் அக்காவுக்கு. போன மாசம் பத்தாம் தேதி தங்கச்சிக்குக் குளிர் ஜுரம் வந்தது. நெஞ்சுல இறங்கிடுச்சு. பத்தொன்பதாம் தேதி போயிட்டா. ஜுரத்துலயும் தபால் மணி கேட்டா தலையைத் தூக்குவா. உங்க வீட்டுச் சட்டை பொத்தான் தச்சு முடிச்சு இங்க இருக்கு, யாரையாவது அனுப்பி வாங்கிக்குங்க. லிஸ்ட்லேர்ந்து அவ பேரை எடுத்துடுங்க. எனக்கு இன்னொரு கண்ணுக்குப் பதிஞ்சு வச்சிருக்கேன். எங்க ரெண்டு பேர் பேரும் முன்னாடி ஒண்ணு மாதிரிதான் இருக்கும். கடைசி வரைக்கும் படிச்சுட்டு எடுங்க."

லிஸ்ட் அக்கா பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அட்டை 1187ஐக் கையில் எடுத்து, வீட்டுப் பெயர், அப்பா பெயர், வெற்றிடம், அதன்பின் அவள் பெயர் என்று கடைசி எழுத்து வரை வாய்விட்டுப் படித்தார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். முதல் வரியை எடுத்தார். இழுப்பறையில் இருந்த, தேதி போடாத கடிதத்தை அட்டையோடு சேர்த்துக் குத்தினார். பிறகு பதிவேட்டைத் திறந்து எழுதினார்:

அட்டைகள் 317, பட்டியல் 317. கடிதம் வந்த நாள் 2008 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை.